பூவைத் துளைக்கும் அலகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நம் தேன்சிட்டைப் போலவே அமெரிக்க மலைகளில் பூந்தேன் குடித்து வாழும் பறவை ஓசனிச்சிட்டு மட்டும்தானா? (வாசகி, குன்னூர்)

பதில்: இல்லை. ஹம்மிங்பேர்டு எனப்படும் ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை என்பது உண்மைதான். ஆனால் அவை தேன்சிட்டுக்கு உறவல்ல, உழவாரன் (ஸ்விஃப்ட்) பறவைகளுக்கு நெருங்கியவை. தேன்சிட்டைப் போலப் பாடும் பறவைகளின் பிரிவில் அடங்கி, அந்த மலைகளின் பூந்தேனை நம்பி வாழ்பவை டிக்ளாசா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பறவைகள். தமிழில் இவற்றைப் பூத்துளைப்பான் எனலாம். மெக்சிகோவின் மலைகளில் தொடங்கி, கோஸ்டாரிகா, பனாமா வழியாக ஆண்டீஸ் மலைத்தொடர் நெடுகிலும் வட அர்ஜென்டினா வரை ஏறத்தாழ 18 இனங்கள் உள்ளன. வெனிசுவேலாவின் தென்பகுதியில் உச்சி தட்டையாகச் செங்குத்தாக நிற்கும் பாறை மலைகளிலும் இவற்றில் இரண்டு இனங்கள் வாழ்கின்றன.

ஒரு காலத்தில், தேன் குடிக்கும் வேறு சில சிறு பறவைகளோடு சேர்த்து இவற்றைத் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். தேன் குடிக்கும் பழக்கம் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியது என்று தெரிந்த பிறகு அந்தக் குடும்பம் கலைக்கப்பட்டது. இப்போது பூத்துளைப்பான்கள் டேனஜர் எனப்படும் அமெரிக்கப் பாடும் பறவைகளின் குடும்பத்தில் உள்ளன; கலபகோஸ் தீவுகளில் டார்வின் சேகரித்த குருவிகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

கேள்வி: நீளமான அலகு இல்லாமல் ஆழமான குழல் பூக்களிலிருந்து இவை எப்படித் தேன் எடுக்கின்றன? (வாசகர், தென்காசி)

பதில்: பூவின் வாய்ப்பக்கம் இவை பெரும்பாலும் போவதில்லை. மேலலகு நீண்டு, நுனியில் கொக்கியாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கீழலகு அதைவிடக் குட்டையாக, கூராக, சற்றே மேல்நோக்கி இருக்கும். பறவை கிளையில் அமர்ந்தபடியே பூக்குழலின் அடிப்பகுதியை மேலலகின் கொக்கியால் பற்றி நிறுத்துகிறது, கீழலகால் துளையிடுகிறது, நுனியில் பிளந்து தூரிகையாக விரியும் நாக்கை அந்தத் துளைக்குள் விட்டுத் தேனை எடுத்துக்கொள்கிறது. இவை அனைத்தும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகின்றன. பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி சிறகடிக்கும் ஓசனிச்சிட்டு அதற்கென்று பெரும் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்த உயரங்களில் அமர்ந்தே குடிக்கும் பறவைக்கு அந்தச் செலவு இல்லை.

அப்படியானால் இவ்வளவு பயனுள்ள கொக்கி ஏன் எல்லா இனங்களிலும் ஒரே அளவுக்கு வளரவில்லை என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை தரும் சோதனை ஒன்றை ஹோர்ஹே ஷொண்டூபே, கார்லோஸ் மார்டினெஸ் டெல் ரியோ ஆகிய இரு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டனர். மெக்சிகோவில் வாழும், இலவங்கப்பட்டை நிற வயிறு கொண்ட இனத்தின் அலகில் கொக்கி நுனியை மட்டும் அவர்கள் நறுக்கிப் பார்த்தார்கள். அலகு மீண்டும் வளரக்கூடியது என்பதால் அது நிலையான ஊனம் அன்று. கொக்கியை இழந்த பறவைகளுக்குப் பூவிலிருந்து தேன் எடுக்கும் திறன் குறைந்தது; ஆனால் பழம் உண்ணும் திறன் கூடியது. தேனுக்காகப் பெற்ற கருவிக்குப் பழத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய சோதனைகள் குறைவு என்றே கருதுகிறேன். வெனிசுவேலா முதல் பொலிவியா வரை காணப்படும், நீல உடலும் கறுப்பு முகமும் சிவந்த கண்ணும் கொண்ட பூத்துளைப்பானுக்குக் கொக்கி சிறிதாக இருப்பதும், அது பழங்களை மிகுதியாக உண்பதும் இதோடு பொருந்துகின்றன.

கேள்வி: மகரந்தத்தைச் சுமக்காமல் தேனை மட்டும் எடுப்பது திருட்டு அல்லவா? செடிக்குக் கேடு இல்லையா? (வாசகர், மதுரை)

பதில்: பெரும்பாலான பூக்களில் இப்பறவை மகரந்தப் பையையோ சூல்முடியையோ தொடுவதில்லை; ஆகவே செடி கொடுக்கும் தேனுக்குக் கைம்மாறு கிடைப்பதில்லை என்பது சரி. ஓசனிச்சிட்டுகள் தங்கள் பூக்களைக் காத்து இவற்றை விரட்டுவதும் அதனால்தான். ஆனால் முழு இனத்தையும் கள்ளன் என்று ஒதுக்குவதற்கு எனக்கு உடன்பாடில்லை. பெரு நாட்டு ஆண்டீஸில் டிரிஸ்டெரிக்ஸ் என்னும் புல்லுருவியின் மகரந்தத்தைக் கருந்தொண்டைப் பூத்துளைப்பான் சுமந்து செல்வதை 1982-இல் கேரி கிரேவ்ஸ் விவரித்திருக்கிறார். இவை இட்ட துளைகளில் பூச்சிகளும், அலகு குட்டையான ஓசனிச்சிட்டுகளும் பிறகு வந்து குடிக்கின்றன. ஆகவே ஒரு துளையின் விளைவு அதை இட்ட பறவையோடு முடிவதில்லை. நம் தேன்சிட்டுகளும் செம்பருத்தியின் அடியைத் துளைத்துத் தேன் குடிப்பதுண்டு என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

கேள்வி: ஒரே மலைத்தொடரில் இத்தனை இனங்கள் எப்படி? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: ஆண்டீஸ் ஒரே தொடராகத் தெரிந்தாலும், ஆழ்ந்த வறண்ட பள்ளத்தாக்குகள் அதைப் பல துண்டுகளாகப் பிரிக்கின்றன, குளிர்ந்த உயரங்களில் மட்டும் வாழும் சிறு பறவைக்கு அப்பள்ளங்களைக் கடப்பது கடினம். இதில் வியப்பான ஒன்று உண்டு. மேலே சொன்ன கருந்தொண்டை இனம், செம்பழுப்பு வயிற்றோடு, பெருவிலும் பொலிவியாவிலும் வாழ்கிறது. அதற்கு வடக்கே, எக்வடோரிலும் கொலம்பியாவின் பெரும்பகுதியிலும் முழுக் கறுப்பு இனம் ஒன்று இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதையும் தாண்டி வட கொலம்பியாவின் சிறு பகுதியில் செம்பழுப்பு வயிற்றினம் மீண்டும் தென்படுகிறது. தமிழ் இலக்கணத்தார் சொல்லும் தவளைப்பாய்த்து முறையில் இடையில் உள்ளதைத் தாண்டி அமைந்த இந்தப் பரவல் ஆண்டீஸ் பறவைகள் பலவற்றில் காணப்படுவதை ஜே. வி. ரெம்சென் 1984-இல் எடுத்துக்காட்டினார்.

கேள்வி: இவற்றுக்கு அழிவு அபாயம் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அது இனத்துக்கு இனம் வேறுபடும். முழுக் கறுப்பு இனம் பொகோட்டா, கீட்டோ நகரத் தோட்டங்களுக்கே வந்து பூக்களைத் துளைக்கிறது. வெனிசுவேலாவின் வடகிழக்கில், பாரியா தீபகற்ப மலைகளிலும் துரிமிகிரே மலைப்பகுதியிலும் மட்டும் வாழும் இனத்துக்கு அந்த வசதி இல்லை. வேளாண்மைக்காக அங்கே காடுகள் அழிக்கப்பட்டதால் அது கடும் நெருக்கடிக்கு உள்ளாகியிருக்கிறது. எஞ்சியுள்ள அந்த மலைக்காடுகளைக் காப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.