வாக்குத்தத்த அட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

நாங்கள் காவேரிப்பட்டினம் பக்கம். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம், பன்னிரண்டு பதினைந்து பேர் வருவார்கள். இருபது நிமிஷம் செய்தி நான்தான் கொடுக்கிறேன். வேதாகமக் கல்லூரியில் படித்தவன் இல்லை.

போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கு ஒரு வசனம் சீட்டுப்போல எடுக்கிற வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எங்கள் கூட்டத்தில் மாங்காய் வியாபாரம் செய்கிற ஒருவருக்கு எரேமியா 29:11 வந்தது. "நீங்கள் எதிர்பார்த்ததை இந்த வருஷம் கர்த்தர் தருவார்" என்று நான்தான் சொல்லி ஜெபித்தேன். அவர் தை மாசம் பூவைப் பார்த்து, வட்டிக்கு வாங்கி, ஒரு பெங்களூரா மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். பிஞ்சு கொட்டிவிட்டது. மிச்சம் நின்ற காய்க்கு மாங்கூழ் ஆலையில் விலை இல்லை. இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை. வழியில் பார்த்தபோது, "வசனம் பொய்யா, நீங்க சொன்னது பொய்யா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவர், "நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) முடிந்தது, லேவியராகமம் உபாகமத்திலிருந்து செய்தி கொடுக்காதே" என்கிறார். அதுவும் சரிதானா? ஒரு வசனத்திலிருந்து இன்றைக்கு வாழ்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பது எப்படி என்று சொல்லுங்கள். இந்த வருஷம் அட்டையையே நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

கே.

அன்புள்ள சகோதரர் கே. அவர்களுக்கு,

அவர் கேட்ட கேள்விக்கு நேர்பதில்: வசனம் பொய்யில்லை, நீங்கள் சொன்னதுதான் தவறு. இது உங்கள் ஒருவர் தவறில்லை. டிசம்பர் 31 ராத்திரி தமிழ்நாட்டில் பல சபைகளில் இதே வசனத்தை இதே மாதிரிதான் சொல்கிறார்கள். தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்று பார்த்துவிட்டால் மற்ற வசனங்களுக்கும் அது உதவும். அதனால் எரேமியாவிலேயே கொஞ்ச நேரம் உட்காருவோம்.

நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் வசனம் இது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

"எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்ற இரண்டு சொல்லில்தான் உங்கள் கால் வழுக்கியது. தமிழில் கேட்கிற காதுக்கு "நான் எதிர்பார்த்ததைக் கொடுப்பார்" என்றுதான் விழும். எபிரெய மூலத்தில் அங்கே இருப்பது அடுத்தடுத்து இரண்டு பெயர்ச்சொற்கள்: பின்வரும் காலம், நம்பிக்கை. கத்தோலிக்கர் வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தை எடுத்துப் பாருங்கள். "எதிர்காலத்தையும் நம்பிக்கையையும்" என்று இருக்கும். நாம் எதிர்பார்ப்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு அதைக் கொடுக்கும் பேச்சு அங்கே இல்லை. பக்கத்துத் தெருவில் யாரிடமாவது திருவிவிலியம் இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழிபெயர்ப்பும் ஒன்றுபோல இருக்கும் இடத்தில் தைரியமாகப் பேசலாம். வேறுபடுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு நிறுத்துங்கள். அந்தச் சொல்லின் மேல் ஒரு செய்தியைக் கட்டக்கூடாது.

அடுத்தது, யாருக்குச் சொன்னது. கி.மு. 597இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் இது. இங்கே தமிழுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஒரு ஆளிடம் பேசினால் "நீ, உன்" என்றுதான் பேசுவார். மரியாதைக்கு "நீங்கள்" போடுவதில்லை. ஆகவே "உங்கள்" என்று வந்தால் அது கூட்டம். லூக்கா 22:31, 32ஐ எடுத்துப் பாருங்கள். சாத்தான் கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல "உங்களைப்" புடைக்க உத்தரவு கேட்டான், நானோ "உனக்காக" வேண்டிக்கொண்டேன் என்று இயேசு சீமோன் பேதுருவிடம் சொல்கிறார். புடைக்கப்படப்போவது சீஷர் பன்னிரண்டு பேரும். வேண்டிக்கொண்டது பேதுரு ஒருவருக்காக. (சுளகு என்றால் நம் பக்கத்து முறம்தான். ஒரு முறத்தைக் கையில் எடுத்து நாலு தரம் புடைத்துக் காட்டினால் கூட்டத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது.) எரேமியா 29இல் சிறைப்பட்டவர்களுக்குச் சொல்வது முழுக்க "நீங்கள், உங்கள்". ஒரு சமுதாயத்துக்குச் சொன்ன சொல்லை ஒரு ஆளின் குத்தகைக் கணக்கில் எழுதிவிட்டோம்.

மூன்றாவது, அதற்கு முன்னால் என்ன நடந்தது. 28ஆம் அதிகாரத்தைப் படிக்காமல் 29ஐத் தொடவே கூடாது. அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா முதலில் ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் சொல்கிறார். அவருக்கு மட்டும் நல்ல செய்தி கசக்குமா? பிறகு, உடைந்த மரநுகத்துக்குப் பதிலாக இரும்புநுகம் வரும் என்கிறார். அனனியா அந்த வருஷமே, இரண்டு மாசத்தில், செத்துப்போகிறான். புத்தகத்தில் அதற்கு அடுத்து வருவதுதான் இந்தக் கடிதம்.

அதில் 11ஆம் வசனத்துக்கு முன்னால் இருக்கிற 10ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது? எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்பி வருவார்கள் என்று. பெர்சிய ராஜா கோரேசிடம் பாபிலோன் விழுந்தது கி.மு. 539இல். இந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரர் அந்த நாளைப் பார்த்திருக்க மாட்டார். பேரன் பார்த்திருப்பான். 5ஆம் வசனத்தில் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். உங்கள் வியாபாரிக்கு இது உங்களை விட நன்றாகப் புரியும். மா ஒட்டுச்செடி நட்டால் ஒழுங்காகக் காய்ப்புக்கு வர நாலைந்து வருஷம். இரண்டு வருஷத்தில் ஊருக்குத் திரும்பப் போகிறவன் ஒட்டுச்செடி நடுவானா? எரேமியா பேசியது நடுகிறவனிடம். ஒரு பருவத்துப் பூவை நம்பி இறங்குகிறவனுக்கு அந்தக் கடிதத்தில் வார்த்தை கிடையாது. எரேமியாவின் பெயர் போட்ட அட்டையை எடுத்து, அனனியாவின் செய்தியை அவருக்குச் சொல்லிவிட்டீர்கள். கடினமான சொல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் பாபிலோனிலிருந்து செமாயா என்பவன் எருசலேமுக்கு எதிர்க்கடிதம் எழுதினான், இந்த எரேமியாவை ஏன் இன்னும் தண்டிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று (29:24-28). நாம் இன்று பூ வரைந்து அச்சடிக்கிற வசனம் அன்று அங்கே கோபத்தைக் கிளப்பிய கடிதத்தில் இருந்தது. புதன்கிழமை இதை மட்டும் சொன்னாலே கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அப்படியானால் நமக்கு அதில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது, 7ஆம் வசனத்தில். சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் வந்து ஓசூரில் பதினைந்து வருஷமாக வாடகை வீட்டில் இருந்துகொண்டு, "இது நம்ம ஊர் இல்லை, என்றைக்கு இருந்தாலும் போய்விடுவோம்" என்று சொல்கிற குடும்பங்கள் எத்தனை! தெருவில் சாக்கடை அடைத்தால் அவர்கள் வரமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் வரமாட்டார்கள். அவர்களிடம் பேச வேண்டிய வசனம் இதுதான். ஆனால் பேசும்போதே வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். யூதர்களை வாளைக் காட்டி இழுத்துப் போனார்கள். ஓசூருக்கு வந்தவர் வேலை தேடி வந்தவர். ஒப்புமை எதுவரைக்கும் நடக்கும், எங்கே நொண்டும் என்று நீங்களே சொன்னால் கேட்கிறவர் உங்களை நம்புவார். மறைத்தால், கெட்டிக்காரப் பையன் ஒருவன் கூட்டத்தில் இருப்பான், கண்டுபிடித்துவிடுவான்.

பிலிப்பியர் 4:13க்கும் இதே கதிதான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சைக்கும் பதவி உயர்வுக்கும் ஓட்டுகிறார்கள். அந்த "எல்லாவற்றையும்" எது என்று 12ஆம் வசனம் பட்டியலே போட்டிருக்கிறது: திருப்தியாயிருக்க, பட்டினியாயிருக்க, பரிபூரணமடைய, குறைவுபட. பட்டினியும் பட்டியலில் இருக்கிறது.

சம்பவத்தைக் கட்டளையாக்குவது இன்னொரு தவறு. கிதியோன் மயிருள்ள தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்டான் (நியாயாதிபதிகள் 6), நாமும் போடலாம் என்பார்கள். அவன் ஜெபத்தைக் கவனியுங்கள்: "தேவரீர் சொன்னபடி" என்று தொடங்குகிறான். கர்த்தர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், அவனும் கேட்டுவிட்டான். அதற்குப் பிறகும் பயம். தோல், வழி கண்டுபிடிக்கும் கருவி இல்லை. பயந்தவனிடம் தேவன் காட்டிய பொறுமை. பாடம் எடுத்தால் பொறுமையைப் பற்றி எடுங்கள். குத்தகை எடுக்கலாமா கூடாதா என்று சீட்டுப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை துணை வராது.

இனி உங்கள் அண்ணன் சொன்னது. அவர் சொல்வதில் பாதி சரி. இஸ்ரவேலுக்குக் கொடுத்த கட்டளையை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து கிருஷ்ணகிரியில் இறக்க முடியாது. ஆனால் படிக்கவே வேண்டாம் என்பது சோம்பல். உபாகமம் 24:15 கூலிக்காரனைப் பற்றிச் சொல்கிறது: அவன் வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன்னே, கூலியைக் கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான். கட்டளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். யாரைக் காப்பாற்ற வந்தது? அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கிறவனை. எதிலிருந்து? அவன் பணத்தை முதலாளி தன் கையில் வைத்துக்கொள்வதிலிருந்து. அதே சேதத்தை இன்று எது செய்கிறது? காய் பறித்து லாரி ஏற்றியவர்களிடம் "ஆலையில் காசு வரட்டும், தருகிறேன்" என்று மூன்று வாரம் இழுப்பது செய்கிறது. சனிக்கிழமை கூலி என்று இருதரப்பும் முன்பே பேசிக்கொண்டிருந்தால் சூரியன் விழுந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை; கட்டளையின் நோக்கம் அங்கே காப்பாற்றப்படுகிறது. ஏழையின் கூலியை உங்கள் முதலாகச் சுழற்றுவதைத்தான் அது தடுக்கிறது. புதிய ஏற்பாடு வேண்டுமென்றால் மத்தேயு 20:8இல் திராட்சத்தோட்டத்து எஜமான் சாயங்காலமே கூலி கொடுக்கச் சொல்கிறார். உவமையில் அதற்கு விளக்கமே இல்லை, ஏனென்றால் கேட்டவர்களுக்கு உபாகமம் தெரியும். யாக்கோபு 5:4 இன்னும் சூடாகச் சொல்கிறது. அண்ணனிடம் அதை வாசிக்கக் கொடுங்கள்.

தயாரிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். வியாழக்கிழமை அன்றே அடுத்த வாரத்துப் பகுதியை முடிவு செய்யுங்கள். அதிகார, வசன எண்களை மறந்துவிட்டு வாசியுங்கள்; அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, வசன எண்கள் 16ஆம் நூற்றாண்டு அச்சில் வந்தவை, எரேமியா எண் போட்டு எழுதவில்லை. முந்தைய அதிகாரத்தோடு சேர்த்து வாய்விட்டு வாசியுங்கள். எரேமியா 28, 29 இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகும். ஞாயிறுவரை பாடம் எதையும் எழுதாதீர்கள். யார், யாருக்கு, அதற்கு முன் என்ன என்ற மூன்று வரி மட்டும். பாடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு வசனம் தேடுகிறவருக்கு எந்த வசனமும் கிடைத்துவிடும், அதுதான் ஆபத்து. புதன்கிழமை இருபது நிமிஷத்தில் ஏழெட்டு நிமிஷம் வாசிப்புக்கே போகட்டும். கடைசியில் சொல்கிற பாடம் அடுத்த புதனுக்குள் செய்யக்கூடிய ஒன்றாக இருக்கட்டும், ஒன்றே ஒன்று.

அந்த வியாபாரியைப் பற்றி: வசனம் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போங்கள். "நான் சொன்னது தப்பு" என்று சொல்லுங்கள். வட்டி எவ்வளவு, யாரிடம், எத்தனை மாசம் பாக்கி என்று கேட்டு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பறிப்புக் கூலி யாருக்காவது நிற்கிறதா என்றும் கேளுங்கள், முதலில் அது தீரட்டும். அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்ன பன்னிரண்டு பதினைந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கூலிப் பாக்கியைத் தீர்க்க முடியுமானால் செய்யுங்கள்.

அட்டையை நிறுத்த வேண்டாம். ஐம்பது அறுபது அட்டைதானே இருக்கும். பின்புறம் வெறுமையாகத்தான் இருக்கிறது. டிசம்பரில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றின் பின்னாலும் யாருக்குச் சொன்னது, எப்போது என்று இரண்டு வரி பேனாவால் எழுதுங்கள். எழுத முடியாத அட்டைகளை எடுத்துவிடுங்கள். எரேமியா 29:11க்குப் பின்னால் "சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, எழுபது வருஷம், 28ஐயும் படிக்கவும்" என்று எழுதினால் போதும்.