இரண்டு மில்லிகிராம் என்றாலும் ஏற்றுமதிதான்

கேள்வி: சார், காட்பாடியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் புரதம்தான் தலைப்பு. பிரித்தெடுத்ததில் இரண்டு மில்லிகிராமை ஜெர்மனியில் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். "புரத மாதிரின்னு எழுதி கூரியர்ல போட்டுடும்மா, ஆராய்ச்சிக்கு அனுமதியெல்லாம் தேவையில்ல" என்கிறார் நெறியாளர். அனுப்பலாமா?
– ஆய்வு மாணவி, காட்பாடி

பதில்: அனுப்பாதீங்கம்மா. கூரியர் படிவத்தில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து.

ஆமணக்குப் பிண்ணாக்கை வயலுக்கு உரமாகப் போடுகிறோம், விளக்கெண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது, இதில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். பிரித்தெடுத்த ரிசின் அப்படியில்லை, அது கொடிய நஞ்சு. இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதல் அட்டவணையில், சாரின் என்ற நரம்பு நச்சு வாயு இருக்கும் அதே பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டில் ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் வருகிறது, அதனால் டிஜிஎஃப்டி எனப்படும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் அனுப்புவதற்கு 30 நாள் முன்பே இந்தியா, ஜெர்மனி இரண்டு அரசுகளும் தி ஹேக்கில் உள்ள உடன்படிக்கை அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும், வாங்கியவர்கள் அதை மூன்றாவது நாட்டுக்குக் கொடுக்கவும் முடியாது.

கொஞ்சம்தானே என்ற பேச்சும் எடுபடாது. 5 மில்லிகிராம் வரை ஒரு சலுகை உண்டு, ஆனால் அது அதே அட்டவணையில் உள்ள சாக்ஸிடாக்ஸின் என்ற இன்னொரு நஞ்சுக்கு மட்டும், மருத்துவத்துக்கோ நோயறிதலுக்கோ அனுப்பினால் மட்டும். அப்போதும் 30 நாள் காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான், தகவல் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

ஆராய்ச்சிக்கு விலக்கு என்று உங்கள் நெறியாளர் சொல்வது முழுக்கத் தவறில்லை. அடிப்படை அறிவியல் ஆராய்ச்சிக்கும் ஏற்கெனவே வெளியான தகவலுக்கும் விலக்கு உண்டு, ஆனால் அது தகவலுக்குத்தான், குப்பியில் இருக்கும் பொருளுக்கு இல்லை. அப்புறம், ஸ்கோமெட் பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான், பெட்டி கட்டினால்தான் ஏற்றுமதி என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மாதிரி உண்மையிலேயே அங்கே போகத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். அளவீட்டை இங்கேயே செய்து முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட முடிந்தால் பாதித் தலைவலி போய்விடும். போகத்தான் வேண்டும் என்றால் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் பெயரில் போகட்டும். பெறுபவர், எதற்காகப் பயன்படுத்தப்போகிறோம் என்று ஒரு சான்று தர வேண்டும், அதை ஜெர்மனிக்காரர்களிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

வெறும் "புரத மாதிரி" என்று எழுதும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். தெரியாமல் அனுப்பினேன் என்று பிறகு சொல்லக்கூட அது இடம் வைக்காது.