சுருளும் நரம்பு, முடிச்சில் அறும் நரம்பு

மீன் பிடிக்கும் தூண்டிலின் சின்ன ஸ்பின்னிங் ரீலில், 10 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு சுருள் சுருளாக விழுகிறது, முடிச்சிலேயே அறுகிறது, ஒரு வருடம் ஜன்னலோரம் கிடந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நரம்பைக் கழற்றிவிடுங்கள், இனி அதை நம்ப வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானைப் பலவீனமாக்கிவிடும், பார்வைக்குத் தெரியாது. நல்ல மீன் மாட்டும்போதுதான் தெரியும், அது பெரிய வேதனை.

சுருளுக்கு முக்கியக் காரணம் தடிமன். ரீலில் நரம்பைச் சுற்றிவைக்கும் உருளைதான் ஸ்பூல்; சின்ன ஸ்பூலில் தடித்த நரம்பு வளைந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். லேசான ராடுக்கு 4 முதல் 6 பவுண்டு, மென்மையான நைலான் போதும். வாங்கும்போது மில்லிமீட்டர் விட்டத்தையும் பாருங்கள்; ஒரே பவுண்டு போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி தடிமன் மாறும். ஃபுளூரோகார்பன் என்ற வேறு வகை நரம்பு பொதுவாக இன்னும் விறைப்பு, அதை முள் கட்டும் முனையில் ஒரு மீட்டர் மட்டும் கட்டலாம். ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழேயே சுற்றுவதை நிறுத்துங்கள்.

மீதி நரம்பு வெயிலும் சூடும் படாத அலமாரியில், மூடிய டப்பாவில் இருக்கட்டும். அப்புறம், முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்தபடி இழுத்தால் உரசல் சூட்டில் புது நரம்பும் பலம் இழக்கும்.