அப்பாவுக்கு இருமல் சிரப் வேண்டாம்

சிரப்பை இன்றே நிறுத்துங்கள், அம்மா. பக்கவாதம் வந்து ஐந்து வாரமான உங்கள் அப்பாவை அம்பையில் வீட்டோடு வைத்துப் பார்ப்பதா, மதுரையில் ஒரு மறுவாழ்வுப் பயிற்சி மையத்தில் சேர்ப்பதா என்று இரண்டு பக்கக் கடிதத்தில் கேட்டுவிட்டு, 'காப்பி குடித்தால் மட்டும் இருமுகிறார், மெடிக்கலில் சிரப் வாங்கிக் கொடுக்கிறோம்' என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

அது சளி இருமல் இல்லை. தொண்டைத் தசை தளர்ந்திருப்பதால், மூச்சுக்குழாய் மூடுவதற்குள் காப்பி அதற்குள் இறங்கிவிடுகிறது. அதை வெளியே தள்ளுவதே இந்த இருமல். பல சிரப்கள் அதை அடக்கும், ஆளையும் தூங்கவைக்கும். உள்ளே போனது நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகலாம். சிலருக்கு இருமலே வராது. அதனால் விழுங்கியதும் 'ஆ' என்று சொல்லச் சொல்லிக் குரலைக் கேளுங்கள். தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளவென்று வந்தால் அதுவும் இதே அறிகுறிதான். கூடவே காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இல்லையென்றால் நாளைக் காலையே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், விழுங்கும் திறனைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை தண்ணீர், காப்பி, ரசம் வாயால் வேண்டாம். நாள் கடத்தினால் உடம்பில் நீர் வற்றிவிடும். ரசம் சாதம்தான் மோசம்: சோறு வாயில் நிற்க, ரசம் முந்திக்கொண்டு ஓடும். நன்றாகக் குழைத்த தயிர்சாதம் கொடுப்பதானாலும் நேராக உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாக. இருமினால் அதையும் நிறுத்திவிடுங்கள். சாப்பிட்டதும் தளர்ந்த பக்கக் கன்னத்துக்குள் விரல்விட்டுத் துழாவினால் ஒரு கவளம் அப்படியே இருக்கும். அதை எடுத்து வாயைச் சுத்தம் செய்து, அரை மணி நேரம் உட்காரவையுங்கள். மாத்திரைகளை நீங்களாகப் பொடிக்காதீர்கள், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது. எப்படிக் கொடுப்பது என்று அங்கேயே கேளுங்கள்.

இனி மையம். 'பெற்றவரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள்' என்று ஊர் பேசுமோ என்ற பயம்தான் கடிதம் முழுக்க. முதல் மூன்று மாதம்தான் மூளை வேகமாக மீளும் காலம். அதில் சில வாரம் தங்கிப் பயிற்சி எடுப்பது சிகிச்சை, கைவிடுவது இல்லை. ஆனால் பணம் கட்டுமுன் நேரில் போய்ப் பாருங்கள். விழுங்கும் பயிற்சிக்கு ஆள் உண்டா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படுக்கையைவிட்டு எழுப்பி வேலை வாங்குவார்கள்? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற உங்களுக்குக் கற்றுத்தருவார்களா? தளர்ந்த தசையில் இருபது நிமிடம் கரண்ட் வைத்துவிட்டுப் படுக்கப்போடும் இடத்துக்கு மதுரைவரை போக வேண்டாம். பயிற்சியை வீட்டார் பார்க்கவிடாத இடமும் வேண்டாம்.

வீட்டில்தான் என்று முடிவானால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அவர் தினமும் வர முடியாது, சொல்லிக்கொடுத்ததை நீங்கள்தான் தினமும் செய்ய வேண்டும். தூக்கும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டி, அதைப் பிடித்து எழுப்புங்கள்.

நீங்கள் பயந்து எழுதியதுபோல், கொட்டாவி விடும்போது அந்தத் தளர்ந்த கை தானாக எழும்புவது இரண்டாவது பக்கவாதம் இல்லை, வலிப்பும் இல்லை. யூடியூபை மூடுங்கள். புறா ரத்தம் தேய்ப்பதால் ஒரு பயனும் இல்லை. உணர்ச்சி குறைந்த காலில் சூடான எண்ணெய் பட்டால் வெந்துபோவதுகூட அவருக்குத் தெரியாது.

நாளை கிளம்பும்போது காப்பி கொடுக்காதீர்கள். சிரப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.