வாலண்டருக்கு ஏன் வயதாக வேண்டும்? – கடிதம்

வணக்கம் ஐயா,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னதால் சுவீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் படைத்த துப்பறிவாளர் வாலண்டரின் நாவல்களை வரிசையாகப் படித்து முடித்தேன். சங்கர்லாலுக்கோ கணேஷ்–வசந்துக்கோ வயதே ஆனதில்லை. இவருக்கு மட்டும் சர்க்கரை, தனிமை, கடைசியில் மறதிநோய். மனசு கனத்துவிட்டது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கும் கனத்தது. சங்கர்லாலை இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் வாலண்டரோடு நான் சேர்ந்து வயதானேன். 1991-ல் வந்த முதல் நாவலில் அவர் நாற்பதைத் தாண்டியவர். 2009-ல் அவர் கதை முடியும்போது அறுபது. நாவலுக்கு நாவல் உடம்பு தளர்கிறது, மகள் வளர்ந்து போலீசில் சேர்கிறாள், அப்பா நினைவு தப்பிப் போகிறார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம். 'எதையோ பார்த்தேன், பிடிபட மாட்டேன் என்கிறது' என்று நாள்கணக்கில் மனசைத் துழாவுவார். வழக்கின் முடிச்சு பெரும்பாலும் அங்கேதான் அவிழும். கடைசி நாவலிலும் துழாவுகிறார். ஆனால் இம்முறை அது நோய். பணித் துப்பாக்கியை உணவகத்தில் மறந்துவிட்டு வருகிறாரே, அந்தப் பக்கத்தோடு அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவரை அவராக்கிய குணமே அவரைக் கைவிடுகிறது. வயதே ஆகாத ஒருவரை வைத்து இதை எழுதவே முடியாது.

கீழக்கரையில் என் பெரியப்பா கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடமாகிறது. வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்வார். ஊசியில் நூல் சுற்றித் தரப் பேரன் வேண்டும், கண் மங்கிவிட்டது. ஆனால் கிழிசலை விரலால் தடவியே, கடலடிப் பாறையில் சிக்கிக் கிழிந்ததா, நண்டு கடித்ததா என்று சொல்லிவிடுவார். வலைக்காரர்கள் அந்தத் தீர்ப்பைக் கேட்கவே வருவார்கள்.

போன தடவை போயிருந்தபோது, "கச்சான் காத்து ஓய்ஞ்சிருச்சாடா?" என்று கேட்டார். ஓய்ந்துவிட்டது என்றேன். சற்று நேரத்தில் அதையே மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது பேரன் என்னைப் பார்த்தான். பெரியப்பாவின் விரல்கள் மட்டும் ஒரு கண்ணிகூடத் தவறாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

அன்று இரவுதான் மூடி வைத்த புத்தகத்தை எடுத்துப் படித்து முடித்தேன்.