பூண்டு வாடை போக மாட்டேங்குதா? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

பல் கிளினிக்ல ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன், அதனால இந்தக் கேள்வி என்கிட்ட அடிக்கடி வரும். இந்த வாரம் வந்ததுக்கெல்லாம் சேர்த்து இங்கயே பதில் போடுறேன்.

கேள்வி: அக்கா, நைட்டு பூண்டு சாப்பிட்டு ரெண்டு தடவை பிரஷ் பண்ணேன், காலையில ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கிறாரு. நான் சரியா பல்லு தேய்க்கலையா?

பதில்: நீங்க தேய்ச்சதுல ஒரு தப்பும் இல்லப்பா. பூண்டை நசுக்குனதும் கந்தகம் கலந்த பொருளுங்க நிறைய உருவாகுது, அதுல சிலது வாயிலயே தங்கும், அதெல்லாம் பிரஷ்ஷுக்கும் தண்ணிக்கும் போயிடும். ஆனா அல்லைல் மெத்தில் சல்பைடுனு ஒண்ணு இருக்கு, அது குடல்லயும் ஈரல்லயும் சீக்கிரம் உடையாம ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போயி ஒவ்வொரு மூச்சுலயும் வெளிய வரும், வேர்வையில கூட வரும், ஒரு நாள் வரைக்கும் விடாது. அதனாலதான் நான் திரும்பத் திரும்ப சொல்றேன், சாப்பிட்டு முடிச்சு வாயைக் கழுவுறதை விட பூண்டு கூடவே என்ன உள்ள போகுதுங்கிறதுதான் முக்கியம்.

கேள்வி: கூடவேன்னா என்ன சாப்பிடணும்?

பதில்: பால், தயிர், பச்சை ஆப்பிள் துண்டு, புதினா இலை. பச்சைன்னா வேகவைக்காததுன்னு அர்த்தம், கலர் இல்ல. ஆப்பிளை நறுக்கி வச்சா கொஞ்ச நேரத்துல பழுப்பா மாறுதுல்ல, அந்த வேலையைப் பண்ற என்சைமும் (ரசாயன மாற்றத்தை வேகமா நடத்துற புரதம்) அதுல இயற்கையாவே இருக்குற ஃபீனாலிக்ங்கிற பொருளும் சேர்ந்துதான் பூண்டோட கந்தகத்தைப் பிடிச்சு மாத்துது. வேக வச்சா அந்த என்சைம் செத்துடும், பலன் குறைஞ்சிடும். அமெரிக்காவுல ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டில 2016ல சோதிச்சப்ப பச்சை ஆப்பிள், லெட்டூஸ்ங்கிற சாலட் கீரை, புதினா இதெல்லாம் மூச்சுல இருந்த வாடைப் பொருளை, வெறும் தண்ணி குடிச்சதோட ஒப்பிட்டா, பாதிக்கு மேல குறைச்சுது, கிரீன் டீ பிரயோஜனப்படல. புதினாவை நல்லா மென்னு சாறு இறங்குற மாதிரி சாப்பிடுங்க, முழுசா முழுங்கிட்டு பலன் இல்லன்னு சொல்லாதீங்க.

கேள்வி: பால் எப்போ குடிக்கணும், சாப்பிட்டு படுக்கும்போதா?

பதில்: சாப்பிடும்போதே! அப்புறமா குடிச்சாலும் கொஞ்சம் கேக்கும், ஆனா பூண்டோட கலந்து உள்ள போறப்பதான் நல்லா கேக்குது. கொழுப்பு எடுத்த பாலை விட முழுக் கொழுப்பு பால் நல்லது. தயிரும் அப்படித்தான், அதே யுனிவர்சிட்டில 2023ல லேப்ல பாட்டில்ல பச்சைப் பூண்டோட முழுக் கொழுப்பு தயிரை கலந்து பாத்தப்ப வாடை 99 சதவீதம் அடங்கிடுச்சு. பாட்டில்ல வந்த நம்பர் அப்படியே வாயில வரும்னு நான் சொல்ல மாட்டேன், இருந்தாலும் முதல்ல ட்ரை பண்ண வேண்டியது தயிர்தான்.

கேள்வி: எனக்கு பால் ஒத்துக்காது.

பதில்: அப்போ ஆப்பிள், புதினா போதும்மா.

கேள்வி: கிராம்பு, ஏலக்காய் மெல்றேன், சரியா?

பதில்: மெல்லுங்க, வாசனை மேல ஏறி நிக்கும், அவ்ளோதான். ஒரு மீட்டிங் வரைக்கும் தாங்கும், உள்ள இருந்து வர்றதை நிறுத்தாது.

கேள்வி: எலுமிச்சை சாறுல கொப்பளிச்சா?

பதில்: தினமும் வேணாம், பல்லு எனாமல் அரிச்சிடும். கொப்பளிச்ச உடனே பிரஷ்ஷும் பண்ணாதீங்க, அரைமணி நேரம் விடுங்க.

கேள்வி: வாடை இருக்கா இல்லையானு நமக்கே எப்படி தெரியும்? கேக்க கூச்சமா இருக்கு.

பதில்: மணிக்கட்டை நாக்கால நக்கி, பத்து செகண்ட் காய விட்டு மோந்து பாருங்க. இல்லன்னா நாக்கு வழிச்சுட்டு அந்த வழிப்பானை மோந்து பாருங்க, நாக்கோட பின்பக்கம் வெள்ளையா மஞ்சளா வழுவழுன்னு வருதே, அங்கதான் வாய் வாடை குடியிருக்கும். முன்னாடி மட்டும் வழிச்சுட்டு விட்டுடாதீங்க.

கேள்வி: பூண்டையே விட்டுடணுமா?

பதில்: ஐயோ எதுக்கு? நறுக்காம நசுக்காம முழுப் பல்லா வேக வச்சு சாப்பிடுங்க, வாடையை உண்டாக்குற என்சைம் சூட்டுல அடங்கிடும், ரொம்பக் குறைச்சலாதான் வரும்.

கேள்வி: அக்கா, நான் பூண்டு தொட்டு ஒரு வாரம் ஆச்சு, ஆனாலும் வீட்ல வாய் நாறுதுன்னு சொல்றாங்க.

பதில்: அப்போ அது பூண்டு இல்லப்பா. ஈறு வீக்கம், சொத்தை, வாய் வறட்சி, டான்சில்ல சேர்ற கல்லு, சைனஸ், இப்படி ஏதாவது இருக்கலாம். பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதான்னு பாருங்க. வந்தாலும் வராட்டியும் புதினாவை மென்னுக்கிட்டு நாளைத் தள்ளாம இந்த வாரமே பல் டாக்டரைப் பாத்துடுங்க.