வளவும் வயலும்

அன்பின் அக்கா,

கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். முல்லைத்தீவில் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் அம்மப்பாவின் பழைய கமத்து வீடு இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. 2008 இல் போரில் இடம்பெயர்ந்தபோது வீட்டார் கூரை ஓடுகளையும் கதவுநிலைகளையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது சுவர்கள் மட்டும் நிற்கின்றன. வேலையை விட்டுவிட்டு அங்கே போய், திண்ணை, நெல் வைக்கும் கொம்பறை எல்லாம் முன்பு இருந்தபடியே திருத்தி இருக்க விரும்புகிறேன். வயலை ஊரவர் ஒருவர் செய்கிறார். எனக்கு வயல் வேண்டாம், வீடு போதும். பழைய பூச்சை உரித்துச் சீமெந்து பூசச் சொல்கிறார் மச்சான். அம்மா பயத்தில் எல்லாமே வேண்டாம் என்கிறா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கு., வெள்ளவத்தை

அன்பின் தம்பி,

சீமெந்து பூசாதீர்கள். இத்தனை மாரி குடித்த சுவர் அது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் வெளியே வந்து காயும். சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழலும். ஒரு ஆணியால் கல் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். சாந்து மாவாகக் கொட்டுகிற இடங்களில் சுண்ணாம்புச் சாந்தே திரும்ப அடைக்க வேண்டும். அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்க வேண்டாம், வேரோடு கல்லும் வரும். அடியில் வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டி வேரைச் சாகவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் சுவர்த்தலைகளைத் தறப்பாளால் மூடிக் கட்டுங்கள். கிணற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றிய காணி என்றாலும் குறிப்பிட்ட ஆழம் வரைதான் பார்த்திருப்பார்கள். கிராம அலுவலரிடம் விசாரிக்காமல் மண்வெட்டி போட வேண்டாம்.

'வயல் வேண்டாம், வீடு போதும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கொம்பறை நெல்லுக்குக் கட்டியது. முற்றத்தை அவ்வளவு அகலமாக விட்டது நெல் காயப்போட. இப்போது சுனாமி மெசின் (நெல் அறுத்து அடிக்கிற பெரிய இயந்திரம்) வெட்டித் தள்ளுகிற பச்சை நெல்லை, காயவைக்க இடமில்லாமல் வரம்பிலேயே வியாபாரிக்குக் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர். உங்கள் முற்றத்தில் ஒரு போகம் நெல் காய்ந்தால் அந்த வீடு வீடாகும். இல்லாவிட்டால் நீங்கள் கட்டப்போவது கொழும்பு ஆட்கள் வந்து படம் எடுத்துப் போகிற விடுதி. (அதற்கும் இங்கே இப்போது கிராக்கி உண்டு, அது வேறு கதை.)

அதற்காக வயல் செய்கிறவரிடம் லோயர் கடிதத்தோடு போகாதீர்கள். கமநல சேவை நிலைய இடாப்பில் குத்தகைக்காரராக அவர் பெயர் இருந்தால், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நினைத்தபடி அவரை எழுப்ப முடியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். பற்றை ஏறிக் காடான காணிகளில் வன இலாகா எல்லைக்கல் போட்ட ஊர்கள் முல்லைத்தீவில் குறைவில்லை. உங்கள் பக்கம் கல் விழாததற்கு அவர் விடாமல் விதைத்ததே காரணமாக இருக்கலாம். வயலைத் திருப்பிக் கேளாமல், ஒரு காலபோகம் (மாரிப் பயிர்) அவரோடு சேர்ந்து நின்று செய்ய விடச் சொல்லிக் கேளுங்கள்.

சொந்த உறுதி உள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்று எழுதவில்லை. பெர்மிட் என்றால் அம்மப்பா தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக (பின்னுரித்தாளியாக) யாரைப் பதிந்தார் என்று முதலில் பிரதேச செயலகத்தில் பாருங்கள். அது தெரியாமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம்.

அம்மா பயத்தில் மறிக்கிறா என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தக் கூரை ஓடுகளைக் கழற்றி இறக்கியவர்களில் அவவும் ஒருவராக இருந்திருப்பா. திருத்துவது என்றால் என்னவென்று அவவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். சம்பளமில்லாத லீவு கிடைத்தால் புரட்டாதியில் வாருங்கள், விதைப்புத் தொடங்கியிருக்கும். கூரை வேலை அறுவடைக்குப் பிறகு. சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த மேசன் ஒருவர் முள்ளியவளையில் இருக்கிறார், இலக்கம் தனியாக அனுப்புகிறேன். வயது போன மனிதர், அவரிடம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்.